அமெரிக்காவில் சைனீஸ் உணவகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவும் வேலைக்கும் புதிதாக வருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் நியூ ஜெர்சியில் பல வருடங்களாக இருக்கிறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு அடுத்து நான் அதிகம் சாப்பிட்டது சீனர்கள் சமைத்ததைத்தான். நான் அசைவம், அம்மா சுத்த சைவம். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஊரில் சாப்பிட்ட சைனீஸ் மாதிரி இங்கே ஏன் இல்லை?

இரண்டும் வேறு வேறு சமையல். நம் ஊரில் தள்ளுவண்டி ஃபாஸ்ட் ஃபுட் வரைக்கும் பரவியிருக்கும் சைனீஸ், கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் நம் நாக்குக்காக உருவாக்கியது. பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் அதில் தாராளமாக இறங்கும். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனைச் சமைத்தார் என்று சொல்வார்கள். கோபி மஞ்சூரியன் அதற்குத் தம்பி. இங்குள்ள சீனர் கடையில் போய் கோபி மஞ்சூரியன் கேட்டால், அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. அது வேண்டுமென்றால் எடிசன் மாதிரி நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊரில் இந்திய உணவகத்துக்குப் போங்கள். 'இந்தோ-சைனீஸ்' என்று மெனுவில் தனிப் பகுதியே இருக்கும்.

இங்கே கிடைப்பது, குவாங்டாங் மாகாணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்களின் கைப்பக்குவத்தில் தொடங்கி, அமெரிக்க நாக்குக்கும் அமெரிக்கச் சந்தைக்கும் ஏற்ப மாறியது. ஒரு உதாரணம் போதும். சீனாவில் மாட்டிறைச்சியோடு வதக்குவது கய் லான் என்ற, லேசான கசப்புள்ள கீரைத்தண்டு. இங்கே அது எளிதாகக் கிடைக்காத காலத்தில் ப்ரோக்கோலியைப் போட்டார்கள். இன்று 'பீஃப் வித் ப்ரோக்கோலி' இல்லாத மெனு கிடையாது. இதைப் போலி என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கையில் கிடைத்ததை வைத்து, யாருக்குச் சமைக்கிறோமோ அவர்கள் வாய்க்குப் பிடித்த மாதிரி சமைப்பதும் சமையல்தான். ஊர் ருசியை எதிர்பார்த்துப் போகாமல், இது என்ன என்று பார்க்கப் போங்கள்.

சின்ன ஊரில்கூட ஒரு சைனீஸ் கடை இருக்கிறதே, எப்படி?

இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1882-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. ஏற்கனவே இருந்தவர்களுக்கும் பல வேலைகள் எட்டாமல் போயின. மிஞ்சியவை துணி வெளுப்பதும் சமைப்பதும்தான். ஆனால் வியாபாரிகளுக்கு அந்தத் தடை இல்லை. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளரையும் வியாபாரி என்று ஏற்றுக்கொண்டது. கதவில் அவ்வளவு சின்ன இடுக்குதான் திறந்தது. அதன் வழியாகப் பணத்தைக் கூட்டுச் சேர்த்துக் கடை போட்டு, ஊருக்குப் போய்வரும் உரிமையையும் சொந்தக்காரர்களை அழைத்துவரும் உரிமையையும் வாங்கினார்கள். விலக்குச் சட்டம் நீங்கியது 1943-இல். நாடு வாரியான பழைய குடியேற்ற ஒதுக்கீடு 1965-இல் ஒழிந்த பிறகு தைவான், ஹாங்காங் பக்கமிருந்தும் சமையல்காரர்கள் வந்தார்கள். பிற்காலத்தில் ஃபூஜியான் மாகாணத்துக்காரர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்து, ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போய், பொட்டலமாக வாங்கிப்போகும் டேக்-அவுட் கடைகள் நடத்துகிறார்கள்.

மான்டானா மாநிலத்தில் பியூட் என்ற சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே 1911-இல் தொடங்கிய பெக்கின் நூடுல் பார்லர் ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்திருக்கிறது. 2023-இல் அதற்கு, அமெரிக்க உணவு உலகில் பெரிதாக மதிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருது கிடைத்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

எல்லாக் கடையும் ஒன்றுதானா?

இல்லை. வாசலிலேயே தெரிந்துவிடும். கவுன்ட்டருக்கு மேலே வெளிச்சப் பலகையில் வெளிறிப்போன உணவுப் படங்கள், நாலைந்து மேசை, பின்னால் வாணலிச் சத்தம் என்றால் அது டேக்-அவுட் கடை. மதியம் லஞ்ச் ஸ்பெஷல் வாங்கினால் ஒரு குழம்பு வகை, ஃப்ரைடு ரைஸ், கூடவே சூப்போ எக் ரோலோ தருவார்கள். ஒரு ஆளுக்குத் தாராளம்; என் படிப்புக் காலத்தில் அதையே இரவுக்கும் வைத்துக்கொள்வேன். மாலில் இருக்கும் பாண்டா எக்ஸ்பிரஸ் 1983-இல் கலிஃபோர்னியாவின் க்ளென்டேலில் தொடங்கிய சங்கிலிக் கடை, ஆரஞ்சு சிக்கனுக்குப் பேர்போனது. பஃபே என்றால் எடுத்துச் சாப்பிடுவது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றிலிருந்து தனித்து நிற்பவை சீனக் குடும்பங்கள் தங்களுக்காகவே போகும் உணவகங்கள். வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு, சுவரில் சீன எழுத்தில் ஒட்டிய காகிதங்கள். சிச்சுவான், ஹுனான், காண்டனீஸ், ஷாங்காய் என்று ஒவ்வொன்றும் ஒரு பிராந்தியம். நியூயார்க்கில் ஃப்ளஷிங், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மான்டரே பார்க், ஆர்கேடியா போன்ற ஊர்கள் இதற்குத் தலைநகரம் மாதிரி. அங்கே ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்யாதீர்கள். நாலு பேர் போனால் நாலைந்து பண்டங்களை நடுவில் வைத்து, வெள்ளைச் சோற்றோடு எல்லாரும் எடுத்துச் சாப்பிட வேண்டும். நம் வீட்டில் சோறு, கூட்டு, பொரியல், குழம்பு என்று வைப்பதைப் போலத்தான்: ஒரு காய், ஒரு டோஃபு, ஒரு காரமான இறைச்சி, ஒரு மீன்.

நான் சைவம். எதை நம்பிச் சாப்பிடலாம்?

'நோ மீட்' என்று மட்டும் சொன்னால் போதாது. சீன மொழியில் இறைச்சி என்ற சொல்லைத் தனியாகச் சொன்னால் பெரும்பாலும் பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். கோழி ரசத்தையும் சிப்பி சாஸையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. வேண்டுமென்று செய்வதில்லை, சொல்லின் எல்லையே அங்கே வேறு. ஒருமுறை சைவ நண்பரோடு போனபோது ஹாட் அண்ட் சோர் சூப் வாங்கினோம். மெனுவில் காளானும் டோஃபுவும் மட்டும்தான் போட்டிருந்தது. பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் மூங்கில் குருத்துகளுக்கு நடுவே, அதே தடிமனில் நறுக்கிய பன்றி இறைச்சியைப் பார்த்தோம். அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்து வந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இப்படிக் கேளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் இறால் வேண்டாம், கோழி ரசம் வேண்டாம், சிப்பி சாஸ் வேண்டாம், முட்டை வேண்டாம். ஃபோனில் சீனத்தில் மொழிபெயர்த்துக் காட்டினால் இன்னும் நல்லது. சமையல்காரரிடமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸில் சொல்லாவிட்டால் முட்டை இருக்கும். மாபோ டோஃபுவில் கொத்துக்கறி இருக்கும். சிச்சுவான் கடையின் வறுத்த பீன்ஸிலும் அப்படியே; அதில் காய்ந்த இறாலும் சேரலாம். அவை இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

நான் சைவர்களுக்குச் சொல்வது: பூண்டு போட்டு வதக்கிய பட்டாணிக் கொழுந்து, பூண்டு சாஸ் கத்தரிக்காய், கறி இல்லாத வறுத்த பீன்ஸ், ஜெனரல் ட்ஸோ டோஃபு. அப்புறம் ஸ்கேலியன் பேன்கேக். வெங்காயத்தாளை உள்ளே சுருட்டி, தேய்த்து, எண்ணெயில் சுட்டது. பிய்த்தால் நம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக வரும். பரோட்டா பிடிக்கிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: வாணலி பொது. ஒரு பண்டம் முடிந்ததும் அடுப்புக்கு மேலே இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுத் துடைத்து, அடுத்ததைப் போடுவார்கள். அது மனதுக்கு ஒப்பாது என்றால் பௌத்த சைவ உணவகத்தைத் தேடுங்கள். பெரிய நகரங்களில் இருக்கின்றன. கோதுமைப் புரதத்தில் செய்த வாத்துக்கறி, டோஃபு மீன் என்று பார்க்கக் கறி போலவே இருக்கும், கறி துளியும் இருக்காது. பௌத்தத் துறவிகளின் வழக்கப்படி வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகளும் உண்டு. விரத நாளில் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அங்கே போகிறார்கள்.

ஜெனரல் ட்ஸோ யார்?

ஸுவோ ஸோங்டாங், ஹுனான் மாகாணத்துக்காரர், சீனாவை ஆண்ட சிங் பேரரசின் தளபதி. 1885-இல் இறந்துவிட்டார். தன் பெயரில் இருக்கும் கோழியை அவர் சாப்பிட்டதே இல்லை. பெங் சாங்-குவெய் என்ற ஹுனான் சமையற்கலைஞர், சீன உள்நாட்டுப் போருக்குப் பிறகு தைவானுக்குப் போய், 1950-களில் இதை உருவாக்கி அந்தத் தளபதியின் பெயரை வைத்தார். அவருடையது புளிப்பும் உப்பும் காரமும், இனிப்பு கிடையாது. 1970-களில் அது நியூயார்க் வந்ததும் மற்ற சமையல்காரர்கள் மொறுமொறுப்பாக்கி, சர்க்கரையைச் சேர்த்தார்கள். இன்று நீங்கள் சாப்பிடுவது அதைத்தான். பெங் 2016-இல், 98-ஆம் வயதில் காலமானார். என்னைக் கேட்டால், கடையிலேயே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுங்கள். பெட்டியில் இருபது நிமிடம் இருந்தால் மொறுமொறுப்பு நமத்துப்போய் இனிப்பு மட்டும் மிஞ்சும்.

காரம் போதுமா?

டேக்-அவுட் கடையில் போதாது. மெனுவில் மிளகாய்ப் படம் போட்டிருந்தாலும் நமக்கு அது இனிப்புதான். மிளகாய் எண்ணெய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிச்சுவான் உணவகம் வேறு கதை. அங்கே மிளகாயோடு சிச்சுவான் மிளகு சேரும். முதலில் எலுமிச்சை மாதிரி ஒரு வாசம், பிறகு உதடும் நாக்கும் மரத்துப்போகும், தண்ணீர் குடித்தால் தண்ணீரே வேறு ருசியாக இருக்கும். பயப்பட வேண்டாம், சற்று நேரத்தில் சரியாகிவிடும். எலுமிச்சை குடும்பத்து மரங்களைத் தாக்கும் ஒரு நோயைக் கொண்டுவரும் என்று 1968 முதல் 2005 வரை இந்த மிளகை அமெரிக்காவுக்குள் விடவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு அந்த ருசி தாமதமாகத்தான் அறிமுகமானது.

டிம் சம் என்றால் என்ன? எப்படிப் போக வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குவாங்டாங் பக்கத்துக் காண்டனீஸ் மக்களின் காலைப் பலகாரம். தேநீரோடு சின்னச் சின்னக் கூடைகளில் வரும். சனி, ஞாயிறு காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் வாசலில் எண் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய கூடத்தில் பாட்டி, பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். முதல் கேள்வி, என்ன தேநீர்? மல்லிகை, ஊலாங், செவ்வந்தி, கருத்த பூ-எர் என்று வகை உண்டு. கனமான பலகாரத்துக்குப் பூ-எர் நன்றாக ஒத்துப்போகும்.

பழைய பாணிக் கடைகளில் தள்ளுவண்டி வரும். மூடியைத் திறந்ததும் ஆவி மேலெழும். கை காட்டினால் ஒரு கூடையை வைத்து, உங்கள் அட்டையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்ற கட்டத்தில் முத்திரை குத்திவிட்டுப் போவார்கள். கடைசியில் அந்த முத்திரைகள்தான் பில். இப்போது பல இடங்களில் வண்டிக்குப் பதில் காகிதத்தில் பென்சிலால் குறித்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. பண்டம் சூடாக வரும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மூடி திறக்கும் நொடி எனக்கு வேண்டும். நியூயார்க் சைனாடவுனில் டாயர்ஸ் தெருவில் 1920 முதல் இருக்கும் நாம் வா டீ பார்லர் இந்த ஊர் டிம் சம்மின் மூத்த கடை.

என்ன சாப்பிடலாம்? ஹர் காவ் என்ற இறால் கொழுக்கட்டையின் மேல்மாவு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். பன்றிக்கறியும் இறாலும் வைத்த, வாய் மூடாத கொழுக்கட்டையான சியூ மாய், இனிப்பான பன்றிக்கறி வைத்த வெள்ளை பன், அரிசி மாவை மெல்லிய துணி போல ஆவியில் வேகவைத்துச் சுருட்டிய சியூங் ஃபன். எள் உருண்டையைக் கடித்தால் உள்ளே இனிப்புப் பயறு விழுது, சுசியம் நினைவுக்கு வரும். சைவர்களுக்கு இங்கே சிரமம் அதிகம். முள்ளங்கிக் கேக் என்று பெயர் இருந்தாலும் அதில் சீன சாசேஜும் காய்ந்த இறாலும் இருக்கும். இனிப்புகளில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மெனுவில் 'காஞ்ஜி' என்று ஒலிக்கும் ஒரு சொல்லைப் பார்ப்பீர்கள். குழைய வெந்த அரிசிக் கஞ்சி. காண்டனீஸ் மக்கள் அதை ஜுக் என்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பெயர் நம் தமிழ்க் 'கஞ்சி'யிலிருந்து போனது. முதன்முறை இதைத் தெரிந்துகொண்ட அன்று பக்கத்து மேசைக்காரரிடம்கூடச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வழக்கங்கள். யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அது நன்றி. கெட்டில் காலியானால் கூப்பிட வேண்டாம், மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீரோடு வருவார்கள்.

அஜினோமோட்டோ போடுவார்களே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

1908-இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசி ரசத்திலிருந்து பிரித்தெடுத்த சுவை இது. அஜினோமோட்டோ அதை விற்ற நிறுவனத்தின் பெயர். 1968-இல் ஒரு மருத்துவ இதழில், சைனீஸ் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒருவர் கடிதம் எழுதினார். காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்ன பலவற்றில் இதுவும் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தின் சமையலுக்கே நோய்ப் பெயர் சூட்டிவிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. இந்தச் சுவையைத் தரும் குளூட்டமேட் தக்காளியிலும் பழைய சீஸிலும் இயற்கையாகவே இருக்கிறது. அதே கடிதத்தின் பழியைச் சீனர் கடை மட்டும் சுமந்தது நியாயமில்லை. நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது உப்பு. சோயா சாஸில் உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாஸைத் தனியாகத் தரச் சொல்லி, கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

சாப்ஸ்டிக் வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஃபோர்க் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாப்ஸ்டிக்கை மட்டும் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதைப் போல இருக்கும்.

டிப்ஸ் எவ்வளவு?

உட்கார்ந்து சாப்பிட்டால் வரி சேர்க்காத தொகையில் 18 முதல் 20 சதவீதம். ஆறு பேருக்கு மேல் போனால் பல கடைகள் தாங்களே சேர்த்துவிடும், பில்லைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். டேக்-அவுட்டுக்குக் கட்டாயமில்லை. நம் ஊர்க் கணக்கில் இது அதிகமாகத் தோன்றும். ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அதே தொகை. சில மாநிலங்கள் கூடுதலாகத் தருகின்றன. மற்ற இடங்களில் உங்கள் டிப்ஸ்தான் அவர்களுக்குச் சம்பளம். அதைக் குறைக்காதீர்கள்.

பில்லோடு வரும் பிஸ்கட் சீன வழக்கமா?

ஃபார்ச்சூன் குக்கி சீனாவில் கிடையாது. கியோட்டோ பக்கத்துக் கோயில் பலகாரம் ஒன்றுதான் இதற்கு மூலம்; ஜப்பானியக் குடியேறிகள் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு அவர்களை முகாம்களில் அடைத்தபோது அவர்களின் பேக்கரிகள் மூடப்பட்டன, தயாரிப்பு சீனர்கள் கைக்கு வந்தது. உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டில் சில எண்கள் இருக்கும். 2005 மார்ச் மாதம் பவர்பால் லாட்டரியில் 110 பேர் ஒரே நேரத்தில் இரண்டாம் பரிசுக்கு வந்ததும் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தால் பலரும் குக்கிச் சீட்டில் வந்த எண்களைப் போட்டிருந்தார்கள்.

மீந்ததைக் கேட்டு வாங்கலாமா?

கட்டாயம். கேட்காமலே பெட்டி கொண்டுவருவார்கள். கம்பிக் கைப்பிடி வைத்த வெள்ளைக் காகிதப் பெட்டி 1894-இல் சிகாகோவில் காப்புரிமை பெற்றது, சிப்பி எடுத்துப்போகும் வாளியின் வழி வந்தது. கம்பி இருக்கும் பெட்டியை அப்படியே மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள்.

அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம். வார நாளில் மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள். கூட்டம் இருக்காது, கேட்டதைப் பொறுமையாகக் கேட்டு, செய்து தருவார்கள்.

அம்மா முதல்முறை வந்தபோது வெளிச் சாப்பாடே வேண்டாம் என்று மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்துச் சிச்சுவான் கடைக்கு அழைத்துப் போனேன். நாங்கள் மட்டும்தான். மூலை மேசையில் கடைக்காரரின் அம்மா, முன்னால் ஒரு பெரிய எஃகுப் பாத்திரம் வைத்துக்கொண்டு பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுமி கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா மெனுவைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு பக்கமும் உரிக்கிறாங்க பாரு, அப்பத்தான் வாயில நார் தட்டாது" என்றார்.

அந்த பீன்ஸைத்தான் கறி இல்லாமல், சிப்பி சாஸ் இல்லாமல் கேட்டோம். தோல் சுருங்கி, அங்கங்கே கருகி, பூண்டும் காய்ந்த மிளகாயுமாக வந்தது. அம்மா சோற்றில் பிசைந்து கையால் சாப்பிட்டார். நான் தயங்கி மூலை மேசையைப் பார்த்தேன். அந்தப் பாட்டி எழுந்து வந்து, எங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் போனார். கிளம்பும்போது அம்மா அந்த எஃகுப் பாத்திரத்தருகே நின்று, மிச்சமிருந்ததில் நாலு பீன்ஸை எடுத்து நார் உரித்துப் போட்டார்.